ஓர் அங்குல வீரனின் விலை

எங்கள் கல்லூரி விடுதியில் துணைக் காப்பாளர் பொறுப்பும் எனக்கு உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இரவு, முதல் மாடி அறையொன்றில் யாரோ மின் அடுப்பு வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். அடுப்பின் மேல் ஒரு இரும்புக் கரண்டி. தரையில் உடைத்துப் போட்ட பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி. அதன் ஈயத் தகடுகள் ஒரு செய்தித்தாளின் மேல் குவிந்து கிடந்தன. பக்கத்தில், இன்னும் ஈரம் காயாத களிமண் கட்டி இரண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“என்ன தம்பி இது?” என்றேன்.

“பொம்மை வார்க்கப் போகிறேன் சார்” என்றார்.

அவரும் நண்பர்கள் மூவரும் விடுமுறை நாட்களில் ஒரு மேசை விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் வில்லாளி, ஒருவர் மந்திரவாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாழடைந்த கோட்டைக்குள் நுழைவதா, வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள். வாள் வீச்சு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்ட, கட்டம் போட்ட தாளின் மேல் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரமுள்ள சிறு உருவங்களை நிறுத்துவார்கள். இந்தச் சிற்றுருவங்கள்தாம் சிக்கல்.

“கடையில் ஒரு உருவம் ஐந்நூறு ரூபாய் சொல்கிறார்கள் சார். நிறுத்துப் பார்த்தால் ஒன்றரை கிராம் பிளாஸ்டிக் இருக்காது. ஒரு மாதத்துக்கு என் கைச்செலவே ஐந்நூறு ரூபாய்தான்” என்றார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, “ஈயம்தானே சார்? வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே” என்றும் சொன்னார்.

முதலில் அடுப்பை அணைத்தேன். அவருடைய இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். ஒன்றரை கிராம் பொருளுக்கு ஏன் ஐந்நூறு ரூபாய்? ஈயத்தில் வார்த்தால் என்ன தவறு? இரண்டுக்கும் விடை தேடிப் போனால் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு விரிகிறது. அன்று இரவு அவருக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

ஈயச் சொம்பும் ஈயச் சிப்பாயும்

தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஈயம் இரண்டு. ஒன்று வெள்ளீயம். ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் இதுதான். இதன் அணு எண் 50. உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால் அது உருகி ஓடிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பது இதனால்தான். மற்றொன்று காரீயம். பேட்டரித் தகட்டில் இருப்பது இதுவே. இதன் அணு எண் 82; உருகுநிலை 327 டிகிரி. வெள்ளீயத்தோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. ஆனால் உடலுக்கு நஞ்சு. குறிப்பாக வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்த இரண்டையும் கலந்தால் ஒரு விந்தை நிகழ்கிறது. ஏறத்தாழ 62 பங்கு வெள்ளீயமும் 38 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்திருக்கையில் எளிதில் உருகுகிறது! வீட்டு அடுப்பில் உருக்கலாம். சிறு அச்சில் ஊற்றலாம். பொம்மை செய்வோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நியூரம்பெர்க் நகரத்துக் கற்பலகை

18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஹில்பெர்ட் போன்ற கைவினைஞர்கள் இத்தகைய உலோகத்தில் சிப்பாய்ப் பொம்மைகளை வார்த்து விற்றனர். அவை முழு உருவங்கள் அல்ல. தாளில் வெட்டியது போன்ற தட்டை உருவங்கள். பலகைக் கல்லில் உளியால் உருவத்தைக் குடைவார்கள். முன்புறத்துக்கு ஒரு கல், பின்புறத்துக்கு ஒரு கல். இரண்டையும் சேர்த்துப் பிடித்து உலோகத்தை ஊற்றினால் ஒரு சிப்பாய் கிடைப்பான்.

ஏன் தட்டை? அதில்தான் சிக்கனம் இருக்கிறது. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1838இல் எழுதிய ஈயச் சிப்பாய்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஈயக் கரண்டி ஒன்றை உருக்கி இருபத்தைந்து சிப்பாய்கள் வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதாமல் ஒற்றைக் காலோடு நிற்கிறான். கதைதானே என்று விட்டுவிடாமல் கணக்கிட்டுப் பாருங்கள். கரண்டி 65 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. தட்டைச் சிப்பாய் என்றால் அது நம்பத்தகுந்த எடைதான். அந்த ஒற்றைக் கால், பொம்மைத் தொழிலின் பொருளாதாரத்தை அறிந்த ஒருவர் எழுதியது போலவே இருக்கிறது.

1839இல் அதே நகரில் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் ஒரு பட்டறை தொடங்கினார். அவர் நிலைநாட்டிய ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரம் பிறகு நியூரம்பெர்க் அளவு என்றே பெயர் பெற்றது. இன்று மேசை விளையாட்டுகளில் வழங்கும் 28 மில்லிமீட்டர் உருவங்கள் இந்த அளவுக்கு அருகிலேயே நிற்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கல்லைக் குடையத் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் பல நாட்கள் உழைக்க வேண்டும். குடைந்த பிறகு அதே கல்லிலிருந்து ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வார்க்கலாம். வீட்டில் முறுக்கு அச்சு வாங்குவது போலத்தான். முதல் முறுக்கின் விலையில் அச்சின் விலையும் சேர்ந்திருக்கும். பத்தாயிரமாவது முறுக்கில் அது தெரியவே தெரியாது. மாணவரின் முதல் கேள்விக்கு விடை இந்த இடத்திலேயே தொடங்குகிறது. சிற்றுருவத்தின் விலையில் பொருளின் பங்கு சிறிது. அச்சின் பங்கே பெரிது. அந்த அச்சின் செலவை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

வெளியே வீரன், உள்ளே வெறுமை

பொம்மைச் சிப்பாய்கள் குழந்தைகளோடு நின்றுவிடவில்லை. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் போர்ப் பயிற்சிக்காக ஒரு மேசை விளையாட்டை அமைத்தார். அவருடைய மகன் 1824இல் அதன் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். வரைபடத்தின் மேல் துருப்புகளைக் குறிக்கும் சிறு துண்டுகளை நகர்த்துவார்கள்; பகடை உருட்டுவார்கள்; நடுவர் ஒருவர் விளைவைச் சொல்வார். நடுவர், பகடை, சிறு உருவம் என்ற மூன்றும் இன்றைய பாத்திர விளையாட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

தட்டையாக இல்லாத முழு உருவச் சிப்பாய்களும் ஜெர்மனியில் உருவாயின. ஆனால் கெட்டியான உலோகம்; எனவே கனம்; எனவே விலை. 1893இல் இங்கிலாந்தில் இளைய வில்லியம் பிரிட்டன் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றியதும் எது முதலில் உறையும்? குளிர்ந்த சுவரைத் தொடும் பகுதிதான். மேல்தோல் உறைந்து, நடுப்பகுதி இன்னும் திரவமாக இருக்கும் அந்த நொடியில் அச்சைக் கவிழ்த்தால் நடுவிலுள்ள உலோகம் வெளியே கொட்டிவிடும். தோல் மட்டும் நிற்கும். வெளியே வீரன், உள்ளே வெறுமை! உலோகம் மிச்சமானது, எடை குறைந்ததால் அனுப்பும் செலவும் குறைந்தது. ஜெர்மன் பொம்மைகளை விடக் குறைந்த விலையில் ஆங்கிலப் பொம்மைகள் கடைக்கு வந்தன.

இப்படி மலிந்த சிப்பாய்களைக் கொண்டுதான் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் வீட்டுத் தரையில் போர் விளையாட்டு ஆடினார். ஆம், கால இயந்திரம் பற்றிய கதையை எழுதிய அதே வெல்ஸ்தான். 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் அதன் விதிகளை வெளியிட்டார். உண்மைப் போருக்குப் பதில் இந்தப் பொம்மைப் போரை ஆடலாமே என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஆனாலும் அந்த நூல் நிலைத்தது. சாதாரணக் குடும்பத்தில் ஒருவர் கடையில் வாங்கிய பொம்மைகளை வைத்து விதிமுறையோடு ஆடலாம் என்பதை அது காட்டிவிட்டது.

பிரிட்டன் சிப்பாயின் உயரம் 54 மில்லிமீட்டர். அதை 27 மில்லிமீட்டராகக் குறைத்தால் எவ்வளவு உலோகம் மிச்சம்? பாதி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உயரம், அகலம், தடிப்பு மூன்றுமே பாதியாகின்றன. எனவே கன அளவு எட்டில் ஒரு பங்காகிறது. ஒரு சிப்பாய்க்கான உலோகத்தில் எட்டுச் சிப்பாய்கள்! மேசையில் ஆடுவோர் சிறிய அளவுக்கு மாறியதற்கு இடவசதி ஒரு காரணம் என்றால், இந்த முப்படிக் கணக்கு மற்றொரு காரணம்.

பெட்டிக்குள் ஒரு படை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1959இல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ முக்கால் அங்குல உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களின் முதல் பெட்டியை வெளியிட்டது. ஒரு சிறு பெட்டிக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட உருவங்கள். பள்ளிச் சிறுவர்களின் கைக்காசுக்கு எட்டிய முதல் படை இது எனலாம். 1966இல், பாதுகாப்பு விதிகள் இறுகியதாலும் செலவு ஏறியதாலும், பிரிட்டன் நிறுவனம் உள்வெறுமை ஈயச் சிப்பாய்களை நிறுத்தியது.

இந்தப் பிளாஸ்டிக்கிலும் ஒரு குறை இருந்தது. அது பாலித்தீன். வண்ணம் பூசினால் சில நாளில் உரிந்துவிடும். பாலித்தீனின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. அதன் மேல் எந்தத் திரவமும் நன்றாகப் பரவி ஒட்டாது. எண்ணெய்ப் பையின் மேல் மை ஒட்டாததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பெரிய குறை வேறொன்று. சிப்பாய் வேண்டுவோர் இலட்சம் பேர். எனவே சிப்பாய் மலிவு. பறவைநாகமோ பூதமோ வேண்டுமென்றால்? அதைக் கேட்போர் ஒரு சிலர். ஒரு சிலருக்காக யாரும் எஃகு அச்சு செதுக்கமாட்டார்கள்.

பூதங்கள் வந்த வழி

1971இல் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரன் இருவரும் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டனர். அதன் இறுதியில் மந்திரவாதிகளும் பூதங்களும் பறவைநாகங்களும் கலந்த ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். விதி இருந்தது, உருவம் இல்லை. என்ன செய்தார்கள்? கைகாக்ஸ் ஸ்டெகோசாரஸ் என்னும் தொல்விலங்கின் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து, ஒட்டி, மாற்றிப் பறவைநாகம் ஆக்கிக்கொண்டார்.

இதைவிடச் சுவையானது ஹாங்காங்கில் செய்த சில மலிவுப் பொம்மைகளின் கதை. ‘வரலாற்றுக்கு முந்திய விலங்குகள்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் விற்றார்கள். அவற்றில் சில, எந்த யுகத்திலும் வாழ்ந்த எந்த விலங்கைப் போலவும் இல்லை. ஒன்று கொக்கும் உடலுமாக ஆந்தையும் கரடியும் கலந்தது போலிருந்தது. இன்னொன்று பூச்சிபோல் உணர்கொம்பும் விசிறிபோல் வாலும் கொண்டிருந்தது. கைகாக்ஸும் நண்பர்களும் இவற்றை மேசையில் வைத்து ஆடினார்கள். இது என்ன விலங்கு என்று கேள்வி வருமல்லவா? விடையாக அவற்றுக்கு இயல்புகளைக் கற்பித்தார்கள். ஆந்தைக் கரடி ஒன்றாயிற்று. தொட்ட இரும்பையெல்லாம் துருவாக்கித் தின்னும் பிராணி மற்றொன்றாயிற்று. இவ்விரண்டும் 1975இல் அச்சில் வந்தன. அதே பையிலிருந்து வந்த இன்னொரு பொம்மை, மண்ணுக்குள் நீந்தி வரும் நிலச்சுறாவாக 1976இல் ஒரு பத்திரிகையில் அறிமுகமாயிற்று. இன்றும் உலகெங்கும் இந்தப் பிராணிகளோடு ஆடுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். கையில் காசு இருந்து, கேட்ட பூதம் கடையில் கிடைத்திருந்தால் இந்தப் பிராணிகள் பிறந்தே இருக்கமாட்டா.

1974இல் கைகாக்ஸும் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னிசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. இன்றைய பாத்திர விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி இதுவே. மூன்று சிறு நூல்கள். முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். விலை 10 டாலர். சிற்றுருவம் கட்டாயமில்லை, வைத்துக்கொண்டால் அழகு, அட்டைத் துண்டுகளே போதும் என்று அந்த முதல் பதிப்பிலேயே தெளிவாகக் கூறியிருந்தார்கள். சிற்றுருவப் போரிலிருந்து பிறந்த விளையாட்டு, சிற்றுருவம் இல்லாதவருக்கும் இடம் விட்டுத்தான் பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சுழலும் அச்சு

சிலருக்காக மட்டும் செய்ய வேண்டுமானால் அச்சு மலிவாக இருக்க வேண்டும். அதற்கான வழி ரப்பர். 1950களிலேயே கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி என்பவர் ரப்பர் அச்சுகளில் வார்த்து விளையாட்டுக்காரர்களுக்கு மலிவாக விற்றார். 1975இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தொடங்கிய ரால் பார்த்தா, அந்தப் பத்தாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய சிட்டடல் போன்ற நிறுவனங்கள் இம்முறையிலேயே பூதங்களையும் மந்திரவாதிகளையும் வார்த்தன.

முறை இது. கையால் செய்த மூல உருவத்தை, வேகவைக்காத ரப்பர் வட்டுகள் இரண்டுக்கு நடுவே வைத்து, அழுத்திச் சூடேற்றுவார்கள். ரப்பர் உருவத்தைச் சுற்றி இறுகிவிடும். பிரித்தெடுத்தால் அச்சு தயார். பிறகு அந்த வட்டைச் சுழலவிட்டு, நடுவிலுள்ள துளையில் உலோகத்தை ஊற்றுவார்கள்.

ஏன் சுழற்ற வேண்டும்? இது இயற்பியல் ஆசிரியருக்குப் பிடித்த கேள்வி! வாளின் முனை 0.1 மில்லிமீட்டர் ஆரம் உள்ள நுண்ணிய குழி என்று கொள்வோம். உருகிய வெள்ளீயம் ரப்பரில் ஒட்டாது. பாதரசம்போல் உருண்டு நிற்கும். அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.55 நியூட்டன். அந்தக் குழிக்குள் அதைத் தள்ள, இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்த அளவு அழுத்தம் வேண்டும். விடை 11,000 பாஸ்கல். உலோகத்தின் சொந்த எடையே இந்த அழுத்தத்தைத் தர வேண்டுமானால் அதற்கு மேல் 16 சென்டிமீட்டர் உயரத்துக்கு உலோகம் நிற்க வேண்டும். ஓர் அங்குலப் பொம்மைக்கு அது நடக்கிற காரியமா?

வட்டை விநாடிக்கு 8 முறை சுழற்றுங்கள். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் உலோகம் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 26 மடங்கு. 16 சென்டிமீட்டருக்குப் பதில் 6 மில்லிமீட்டர் உலோகமே போதும். வாள் முனையும் நிறையும். பூதத்தின் பல்லும் விழும்.

ரப்பர் அச்சு எளிதில் தேயும். சில நூறு வார்ப்புகளுக்கு மேல் தாங்காது. ஆனால் செலவு குறைவு. இருநூறு பேர் மட்டுமே கேட்கும் பூதத்தையும் நட்டமில்லாமல் வார்க்கலாம். விலை அரிதான உருவங்களுக்கும் இறங்கி வந்தது.

மலிவின் மறுபக்கம்

ஆனால் அந்த மலிவில் காரீயத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. வெள்ளீயத்தோடு காரீயம் சேரச்சேர விலை குறையும். சிறுவர்கள் அந்த உருவங்களை அரத்தால் ராவினார்கள்; வண்ணத் தூரிகையின் முனையை வாயில் வைத்துக் கூராக்கினார்கள். 1993இல் நியூயார்க் மாநிலத்தில் ஈயம் கலந்த பொருட்களுக்கு எதிரான சட்டம் சிற்றுருவங்களையும் எட்டக்கூடும் என்ற நிலை வந்தது. உற்பத்தியாளர் பலர் காரீயமற்ற, பெரும்பாலும் வெள்ளீயமான கலவைகளுக்கு மாறினார்கள். விலை ஏறியது. வாங்குவோர் முணுமுணுத்தார்கள். ஆயினும் அதுவரை விலைச்சீட்டில் எழுதாத ஒரு செலவு முதன்முறையாக அதில் ஏறியது என்பதே உண்மை.

எஃகு அச்சின் கணக்கு

விலை ஏறிய உலோகத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. உருகிய பிளாஸ்டிக்கைப் பேரழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துவது ஊசிமுறை வார்ப்பு. கணக்கு வசதிக்காக அச்சின் விலை 10 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு பொம்மை செய்தால் ஒவ்வொன்றின் மேலும் அச்சுச் செலவு மட்டும் 10,000 ரூபாய். பத்து இலட்சம் பொம்மை செய்தால் ஒரே ஒரு ரூபாய்! பொருள் அதே ஒன்றரை கிராம்தான்.

எனவே பெருவாரியாக விற்கும் வழியைத் தேடினார்கள். 1989இல் வந்த ‘ஹீரோகுவெஸ்ட்’ என்னும் பலகை விளையாட்டுப் பெட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் உருவங்கள் இருந்தன. விளையாட்டை ஆடாதவர்கூடப் பொம்மைகளுக்காக அந்தப் பெட்டியை வாங்கினார்கள். 2000 முதல், வண்ணம் பூசிய பிளாஸ்டிக் உருவங்கள் மூடிய பெட்டிகளில் வந்தன. உள்ளே எது இருக்கும் என்று தெரியாது. வேண்டாதது வந்தால் விற்றுவிடுவார்கள். அப்படிக் கைமாறிய சாதாரண உருவங்கள் ஏழை விளையாட்டுக்காரருக்கு வரமாயின.

2012இல் நடந்தது வேறு வகை. டெக்சாஸ் மாநிலத்தின் ரீப்பர் நிறுவனம் தன் உலோக உருவங்களைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர விரும்பியது. அச்சுக்குப் பணம் வேண்டும். வாங்கவிருப்போரிடமே முன்பணம் திரட்டியது. 17,000க்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 34 இலட்சம் டாலர் கொடுத்தார்கள். ஆள் கூடக்கூட ஒருவருக்குக் கிடைக்கும் உருவங்களின் எண்ணிக்கையும் கூடியது. எளிய வகுத்தல் கணக்கு இது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் இங்கே ஊர் கூடி அச்சு வாங்கியது.

அச்சில்லாத அச்சு

தமிழில் அச்சு என்றால் வார்ப்பதற்கும் அதுவே சொல், புத்தகம் அடிப்பதற்கும் அதுவே சொல். இந்த இரண்டு பொருளும் அண்மையில் ஒன்றையொன்று சந்தித்தன. முப்பரிமாண அச்சுப்பொறிக்கு வார்ப்பச்சே தேவையில்லை. ஒளிபட்டால் இறுகும் பிசினைக் கொண்டு அடுக்கடுக்காகப் பொருளை எழுப்பும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்றார். வெகுகாலம் அது தொழிற்சாலைக்கு மட்டுமே எட்டும் விலையில் இருந்தது. 2018ஐ ஒட்டி, கைபேசித் திரை போன்ற திரையை ஒளிமறைப்பாகப் பயன்படுத்தும் சிறு பொறிகள் மேசைக்கு வந்தன.

இதன் கணக்கும் அழகானது. 30 மில்லிமீட்டர் உயர உருவத்தை 0.05 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் பிரித்தால் 600 அடுக்கு. அடுக்குக்கு 10 விநாடி என்றால் 100 நிமிடம். ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபெறுவதால், தட்டில் ஒரு வீரன் நின்றாலும் பத்து வீரர்கள் நின்றாலும் அதே 100 நிமிடம்தான்! நூறாவது உருவத்துக்கு ஆகும் செலவே முதல் உருவத்துக்கும். உலகில் ஒரே ஒருவர் மட்டும் விரும்பும் பூதத்துக்கும் இனித் தனி விலை இல்லை. பொறியின் விலையைப் பகிர நான்கு நண்பர்கள் இருந்தால் போதும்.

ஆனால் இறுகாத பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும், கழுவிய நீர்மத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. காரீயத்துக்குக் கற்ற பாடத்தை இங்கே மறுபடியும் விலை கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

மறுபடியும் விடுதி அறை

அன்று இரவு அந்த மாணவரிடம் முதலில் சொன்னது அடுப்பைப் பற்றி. ஈரக் களிமண்ணில் 327 டிகிரிக்கு மேல் சூடான உலோகத்தை ஊற்றினால் களிமண்ணிலுள்ள நீர் நொடியில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். உருகிய ஈயம் முகத்தில் தெறித்திருக்கும். தெறிக்காவிட்டாலும் ஈயத் துகள் அந்த அறையில், அவர்கள் சாப்பிடும் அதே தரையில், தங்கியிருக்கும். அவர் முகம் வெளுத்தது. தகடுகளைக் கையுறையோடு பொறுக்கி மூடிய வாளியில் போட்டோம். தரையை ஈரத் துணியால் துடைத்தோம். மறுநாள் அதைப் பேட்டரிக் கடையில் பழையதாகக் கொடுத்துவிட்டோம்.

இரண்டாவதாகச் சொன்னது 1974ஆம் ஆண்டின் அந்தச் சிறு நூலைப் பற்றி. சிற்றுருவம் இல்லாமலே ஆடலாம் என்று ஆக்கியோரே சொல்லியிருக்கிறார்கள் என்றேன். 1980இல் அமெரிக்காவில் ‘கார்ட்போர்டு ஹீரோஸ்’ என்ற பெயரில் மடித்து நிறுத்தும் அட்டை வீரர்களையே விலைக்கு விற்றார்கள் என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் முழுச் சமாதானம் ஆகவில்லை என்பது தெரிந்தது. கையில் எடுத்துப் பார்க்க ஒரு உருவம் வேண்டும் என்ற ஆசை வேறு; அதை வாதத்தால் ஆற்ற முடியாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையைக் கடந்தேன். நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வீரர்கள் கெட்டி அட்டையில் வரைந்து, மடித்து, சோடா மூடியில் ஒட்டி நின்றார்கள். மந்திரவாதி ஒரு சட்டைப் பொத்தான். நடுவே கம்பீரமாக ஒரு பறவைநாகம். கிட்டே போய்ப் பார்த்தேன். மாரியம்மன் கோயில் திருவிழாக் கடையில் முப்பது ரூபாய்க்கு விற்கும் ரப்பர் உடும்பு. முதுகில் அட்டைச் சிறகு இரண்டு ஒட்டியிருந்தது.

“சிறகு சரியாக ஒட்டவில்லை சார். வண்ணமும் உரிகிறது” என்றார் மாணவர்.

சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மணல் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள் என்று சொன்னேன்.